தனக்கு நடந்ததாக அண்ணி சொன்னது

பீரோ கதவை அகலத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு அண்ணி பேசுவார். புடவைகளுக்கு நடுவே என் போன் இருக்கும். ஓசூரில் சிப்காட் ரோட்டை ஒட்டி வாடகைக்குக் குடியிருந்த எங்களுக்கு லாரிச் சத்தம் எட்டாத இடம் அது ஒன்றுதான். அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "உங்க அண்ணி புடவைங்களுக்குப் பாடம் எடுக்கறா" என்பார். எங்கள் பாட்காஸ்ட் அப்படித்தான் தொடங்கியது. 'சார்ஜ் ஏறுது' என்று பெயர் வைத்ததும் அண்ணிதான்.

மின்சார வண்டி, பேட்டரி என்று இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று பேச ஊரெல்லாம் ஆள் இருந்தது. உள்ளே நின்று அதைச் செய்கிறவர்களைப் பற்றித்தான் பேச ஆளில்லை. அண்ணி ஒரு பேட்டரி கம்பெனியில் லைன் லீடர்; நான் சார்ஜிங் பெட்டி மாட்டுகிற வேலையில் ஊர் சுற்றுகிறவன். அவர் பேசுவார், நான் வெட்டி ஒட்டுவேன். பேட்டரிக்கான செல் செய்யும் அறையில் காற்றிலிருந்து ஈரத்தை ஏன் உறிஞ்சி எடுக்கிறார்கள், அங்கே நின்றால் உதடு ஏன் வெடிக்கிறது என்பதையெல்லாம் அடுப்படியில் நின்று பேசுவது போலச் சொல்வார். ஊத்தங்கரையிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வந்து வேலை செய்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அந்த நாகர்கோவில் பெண்ணுக்கு அப்படி ஆனது. அண்ணியின் லைனில் இருந்தவள். அந்த ஈரமில்லாத அறையில் உடம்பு முழுக்க மூடிய உடையோடு, தண்ணீர் குடிக்க வெளியே விடாமல் நிற்க வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்தவள் விழுந்துவிட்டாள். கை கால் இழுத்துக்கொண்டது. கூட இருந்தது அண்ணி மட்டும்தான். இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவளும் நினைத்தாள். ஆனால் தை மாதம் அவளுக்குக் கல்யாணம். வலிப்பு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் முடிந்தது கதை. பெயரை மறைக்கலாம், குரலைக்கூட நான் மாற்றிக் கொடுப்பேன். பேச்சை என்ன செய்வது? அந்த லைனில் நாகர்கோவில் பேச்சு பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"ஒரு பொண்ணுக்கு நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க அண்ணி" என்றேன்.

"ஒரு பொண்ணுன்னா யாருன்னு தேடுவாங்கப்பா. எனக்குன்னு சொன்னா யாரும் தேட மாட்டாங்க" என்றார். பிறகு புடவைகளுக்குள் தலையை விட்டு, "நான் கீழ விழுந்துட்டேன். கை காலு இழுத்துக்கிச்சு" என்று ஆரம்பித்தார்.

கம்பெனி கோபப்படும் என்று எதிர்பார்த்தோம். கோபப்படவே இல்லை. மனிதவள அதிகாரி உட்கார வைத்து டீ கொடுத்து, இது உங்கள் குரல்தானே என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், வலிப்பு வருகிறவரை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது ஆபத்து, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்று 'மெடிக்கல் அன்ஃபிட்' போட்டு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் குடிக்க விடாததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று நான் வீட்டில் குதித்த குதி கொஞ்சநஞ்சமல்ல. அவள் பெயரைச் சொல்லித் தொலையுங்கள், உங்கள் வேலை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று கத்தினேன். அண்ணன்கூட அதையேதான் சொன்னார். "அவ கல்யாணப் பத்திரிகை அடிச்சிட்டாங்கப்பா" என்றார் அண்ணி. ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்குள் செய்தி எப்படியோ பரவி, வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. அந்தப் பெண் தன் கல்யாணத்துக்கு எங்களை அழைக்கவும் இல்லை. அழைத்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்; அண்ணி போயிருப்பார்.

இப்போது அண்ணி தளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு போடுகிறார். நான் பாட்காஸ்ட்டை விடவில்லை. அன்று எட்டிப் பார்க்காத மேனேஜர்கள் இன்று தாங்களாகவே வந்து பேசுகிறார்கள். எதிர்காலம் என்கிறார்கள், வாய்ப்பு என்கிறார்கள். நானும் தலையாட்டிப் பதிவு செய்கிறேன். அந்தப் பழைய எபிசோடை எடுத்துவிடலாமா என்று அண்ணியிடம் ஒரு தடவை கேட்டேன். "எடுத்தா பொய்யின்னு ஆயிடும்" என்றுவிட்டார்.

போன மாதம் ஊத்தங்கரை போவதற்காக ஓசூர் பஸ் நிலையத்தில் நானும் அண்ணியும் நின்றிருந்தோம். இடுப்பில் குழந்தையோடு அந்த நாகர்கோவில் பெண் எதிரே வந்தாள், கூடவே கணவன். ஆள் இளைத்திருந்தாள். இன்னும் அதே கம்பெனிதானாம், அதே அறைதானாம். கணவன் நல்ல மாதிரி. "நீங்கதான அந்த எபிசோட்ல பேசுன அக்கா? இவ அடிக்கடி போட்டுக் கேப்பா. இப்ப பரவால்லியாக்கா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். அவள் குழந்தையின் சட்டையைச் சரி செய்துகொண்டே இருந்தாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், "மாத்திரைய விட்டுராதிய அக்கா, கேட்டியளா" என்றாள்.

"போட்டுக்கறம்மா" என்றார் அண்ணி.

அவர்கள் கூட்டத்தில் மறைந்த பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் உங்கள் முன்னாலேயே அப்படிப் பேசுவாள் என்று கேட்டேன். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணி, கிருஷ்ணகிரி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அவ மாத்திரை போடறாளா இல்லியான்னு யாருப்பா அவளக் கேப்பாங்க?"