ஈயத்தோடுதான் போவேன்

இன்று மாலை தூண்டிலோடு கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனேன். கரையை ஒட்டிய ரயில் தண்டவாளத்தருகே நின்ற பொலிஸ்காரர் என் பையைக் கொட்டச் சொன்னார். மூன்று ஈயக்குண்டுகள் உருண்டு விழுந்தன.

“இது என்னத்துக்கு?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“தூண்டில் அடியில நிக்கிறதுக்கு, சேர்.”

“இதை இங்க வச்சிட்டுத் தடியோட மட்டும் போங்க.”

“ஈயம் இல்லாட்டி அலை தூண்டிலைக் கரைக்கே தள்ளிப்போடும். அடையாள அட்டையும், கொழும்பில தங்கிறதுக்கு எடுத்த பொலிஸ் பதிவும் காட்டிட்டன். ஈயத்தோடதான் போவன்.”

என் சிங்களம் நடுங்கியது. நான் நகரவில்லை. கால்மணி நேரம் கழித்து, போகச் சொல்லிக் கையசைத்தார்.

உள்ளங்கையளவில் ஒரு பாரை மீன்குஞ்சு கிடைத்தது. பொரித்துச் சாப்பிட்டாயிற்று.

நாளைக்கும் போகிறேன். இந்த அலைக்கு, இன்று கட்டிய இரண்டு அவுன்ஸ் ஈயம் போதாது, மூன்று அவுன்ஸ் வேண்டும் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். பேசாமல் வீட்டில் இரு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.