சுங்குவார்சத்திரத்தில் தேடிய முகம்

காலை ஒன்பது மணிக்குக் குன்றத்தூர் பஸ் நிலையத்தில் நின்றேன். போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஸ்ரீபெரும்புதூர் வண்டி ஒன்று போய்விட்டது. யாரையும் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஒன்பதே முக்காலுக்கு அடுத்தது வந்தது. பெண்களுக்குக் காசு வாங்காத வண்டி. இருபது கிலோமீட்டர் போல இருக்கும்.

என் தங்கை சரோஜா போன மாதம் இறந்துபோனாள். சுவரில் மாட்ட அவளுக்கு ஒரு நல்ல படம் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதை அவள் முகம் என்று சொல்லவே முடியாது. ஒரகடத்தில் நடந்த என் கடைசி மகன் கல்யாணத்துக்கு மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் வந்திருந்தாள். மேடையில் எனக்குப் பின்னால் நின்றாள். அந்தப் படத்திலிருந்து அம்மா முகத்தைப் பெரிதாக்கித் தரச்சொல்லி அவள் மகள் கேட்டிருந்தாள். ஆல்பம் இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் கல்யாணத்தில் படம் எடுத்த சுங்குவார்சத்திரம் ஸ்டுடியோவுக்கே கிளம்பிவிட்டேன்.

பத்தே முக்காலுக்கு ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சுங்குவார்சத்திரம் பன்னிரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். கம்பெனி பஸ்கள் எங்களை முந்திக்கொண்டே போயின.

"இன்னா ஆயா, பவுடர்லாம் பூசிக்கினு ஸ்டுடியோவுக்கா? பொண்ணு பாக்க வராங்களா?" என்றார் டிரைவர்.

"ஆமா, உன் வூட்ல எதனா பையன் கீறானா? ரோட்டைப் பாத்து ஓட்டு."

பதினொன்றரைக்கு ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். என் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. பின்னால் மஞ்சளாக ஒரு கறை. கண் இல்லை, மூக்கு இல்லை.

"அவ்ளோ பெரிய லென்சு, ஒரு மூஞ்சியப் புடிக்கலயா?"

"அகலமாத் தொறக்கிற லென்சும்மா அது. இருட்டுலயும் எடுக்கும். ஆனா முன்ன நிக்கிறவங்க மட்டுந்தான் தெளிவா வுழுவாங்க, பின்னாடி கரைஞ்சிடும். சாதா லென்சுல லைட்டு போட்டு எடுத்திருந்தா ரெண்டு வரிசையும் பளிச்சுனு வந்திருக்கும். நீங்கதான் பக்கத்து வூட்டு ஆல்பம் மாதிரி பின்னாடி கரையணும்னு கேட்டீங்க."

கேட்டது நான்தான். ஊரில் யாரிடமும் இல்லாத லென்ஸ் என்று பெருமையும் பேசினேன்.

"அப்பவும் முன்னால வாங்கன்னு அவங்களக் கூப்டேம்மா. அவங்க உங்களையே பாத்துகினு நின்னாங்க."

அவர் கூப்பிட்டது அன்றைக்கே என் காதிலும் விழுந்தது. தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து பாக்கு வைக்காமல் போனில் அழைத்தாள் என்று இரண்டு வருடமாக நான் அவளோடு பேசவில்லை. அன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் ஆட்டோவில் அவள் மகள் போன் செய்தாள். "கெடச்சுதா பெரிம்மா?"

ஸ்டுடியோக்காரர் மேல் பழியைப் போட வார்த்தை வாய்வரை வந்தது.

"இல்லடி, மூஞ்சி கரைஞ்சி போச்சு. லென்சு மேல தப்பில்ல. நான் அவள முன்னால கூப்புடல."

"தெரியும் பெரிம்மா. அக்கா கூப்டும்னு நின்னுகினே இருந்தேன்னு அன்னிக்கே அம்மா சொல்லுச்சு."

ஸ்ரீபெரும்புதூர் வரும் வரை அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.