மடியில் வைத்த மாலை

எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் யாரும் எங்களைப் பார்க்க வந்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குக் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அதுவரை எங்களுக்கு இத்தனை உறவு இருப்பதே தெரியாது. ஒரு பக்கம் திருக்கழுக்குன்றம், இன்னொரு பக்கம் மாமல்லபுரம், நடுவில் ஓசிச் சாப்பாடும் படுக்கப் பாயும் இருக்கிறது என்று தெரிந்ததும் சேலம், திருச்சி, கரூர் என்று திசைக்கொரு கும்பல் கிளம்பி வந்தது.

"கழுகு எத்தனை மணிக்கு வரும்?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள், என்னவோ நாங்கள் மொட்டை மாடியில் கூண்டு கட்டி வளர்ப்பது போல. திருக்கழுக்குன்றம் மலையில் மத்தியானம் இரண்டு கழுகு வந்து பொங்கல் தின்றுவிட்டுப் போகும் என்பது ஊரறிந்த சங்கதி. இப்போதெல்லாம் வருவதில்லை என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "உங்களுக்கெல்லாம் பக்தி பத்தல" என்று ஒரு மாமா சொன்னார். அவர் மூச்சு வாங்க மலை ஏறி, மண்டபத்து நிழலில் ஒரு தூக்கம் போட்டு, இறங்கி வந்து எங்கள் வீட்டில் ஏழு இட்லி சாப்பிட்ட பக்திமான்.

இவர்கள் எல்லாரையும் நான் சகித்துக்கொள்வேன். பெரியம்மாவைத்தான் முடியாது.

பெரியம்மா அம்மாவின் அக்கா, கரூரில் இருந்தாள். வருஷா வருஷம் மே மாதம் மகன், மருமகள், பேரன் பேத்திகள் என்று ஒரு படையோடு வருவாள். மற்றவர்கள் கடலைப் பார்க்கத்தான் வந்தோம் என்று ஒப்புக்கொள்வார்கள். பெரியம்மா அப்படியில்லை. "மூத்தவளுக்காகத்தான் இந்த வெயில்ல வந்தேன்" என்பாள். மூத்தவள் என்றால் என் அக்கா. அவளுக்குச் செவ்வாய் தோஷம். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். தினமும் பஸ்ஸில் போய்விட்டு வந்து, மாலையில் பேப்பர் திருத்திக்கொண்டு, தன்பாட்டுக்கு இருந்தாள். அவள் தன்பாட்டுக்கு இருந்ததுதான் எங்கள் சொந்தத்துக்குப் பொறுக்கவில்லை.

திருவிடந்தைப் பெருமாள் தினம் ஒரு கல்யாணம் செய்துகொண்டவர். கல்யாணம் தள்ளிப்போகிற ஆணும் பெண்ணும் அங்கே மாலை வாங்கிச் சாத்தி, திரும்பக் கொடுக்கிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கோவில் சொல்வது இவ்வளவுதான். இதற்கு மேல் பெரியம்மாவின் சட்டங்கள் இருந்தன. மாலை தரையில் படக்கூடாது. இன்னொருவர் கைக்கு மாறக்கூடாது. மாமிசம் இருக்கிற இடத்துக்குப் போகக்கூடாது. மாலையோடு கக்கூசுக்குப் போகக்கூடாது. வீட்டுப் பூஜை அலமாரிக்குப் போய்ச் சேரும் வரை அது அக்காவின் மடியை விட்டு இறங்கக்கூடாது.

காலையில் வேன் பிடித்து நேராகத் திருவிடந்தை. அக்கா மாலையோடு கொதிக்கிற கல்லில் சுற்றுவாள். பெரியம்மா நிழலில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணுவாள். பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தவறிவிடும். "ஆறா, ஏழா? எதுக்கும் ஒண்ணு கூடச் சுத்திடு" என்பாள். கணக்கு டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் கூட ஒன்று சுற்றுவாள். சாமி காரியம் மொத்தம் முக்கால் மணி நேரம். அப்புறம் முட்டுக்காட்டில் படகு, திரும்பி வரும்போது முதலைப் பண்ணை, சவுக்குத் தோப்பில் புளியோதரை, சாயங்காலம் மாமல்லபுரம். முக்கால் மணி நேரப் பிரார்த்தனைக்கு ஒன்பது மணி நேர உல்லாசம்.

அந்த ஒன்பது மணி நேரமும் அக்கா வேனில் இருப்பாள். படகில் மாலை நனைந்துவிடும். முதலைப் பண்ணையில் மாமிசம் போடுவார்கள். மாமல்லபுரத்தில் கூட்டம், யார் மேலாவது பட்டுவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் பெரியம்மாவிடம் ஒரு காரணம் இருந்தது. நாங்கள் இறங்கிப் போவோம். அக்கா ஜன்னலோரம் மாலையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் படாமல் பேப்பர் கட்டைத் தூக்கிப் பிடித்துத் திருத்திக்கொண்டிருப்பாள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். ஏன் என்று முதல் வருஷம் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் வருஷம் புரிந்தது.

ஈ.சி.ஆரில் அந்த மாலை என்னவென்று தெரியாதவர்கள் கிடையாது. வேனுக்குள் ஒரு பெண் தனியாக மாலையும் மடியுமாக உட்கார்ந்திருந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான். முட்டுக்காட்டில் ஒருவன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, இன்னும் மாப்ள கெடைக்கலியா? நம்ம ஃபிரெண்டு ஒருத்தன் கீறான்" என்று சிரித்தான். டிரைவர் அவனை விரட்டினார். அக்கா நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர். "உங்க பிக்னிக்குக்கு எங்கக்காவ ஏன் சாக்கு வெக்கிறீங்க?" என்று பெரியம்மாவை முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். அம்மா என்னைக் கிள்ளுவாள். சின்ன வயசில் அம்மாவைத் தூக்கி வளர்த்தவள் பெரியம்மா, அதனால் அம்மாவுக்கு அவள் எதிரில் வாய் திறக்காது. அப்பா அந்த வாரம் பார்த்து ஷிஃப்ட் மாற்றிக்கொள்வார். எனவே அக்காவுக்காகச் சண்டை போட இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. சண்டை போட்டுவிட்டு நானும் இறங்கிப் போய் முதலை பார்த்தேன், ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாலைகள் சேர்ந்துகொண்டே போயின. ஒரு மாலைக்கே ஒரு கல்யாணம் என்பதுதான் கணக்கு. "போன வருஷம் சரியா சுத்தல, அதான் பலிக்கல" என்று பெரியம்மா ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஆரம்பித்தாள். பூஜை அலமாரி ஆணியில் ஐந்து மாலை தொங்கின. பழையது வெறும் நாராகிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா அவற்றைத் தொடாமல் சுற்றித் துடைப்பாள். இதற்கிடையே எனக்கும் வரன் வர ஆரம்பித்தது. மூத்தவளுக்கு முடியட்டும் என்று அம்மா திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் எரிச்சல் உண்டா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

ஆறாவது மே மாதம் வந்தது. புது நூற்றாண்டு பிறந்து, ஈ.சி.ஆர். அகலமாகி, வேன் வேகமாகப் போனது. மற்றபடி எல்லாம் அதே. அதே கல், அதே சுற்று, அதே "எதுக்கும் ஒண்ணு கூட". மாமல்லபுரத்தில் வேன் நின்றபோது மணி நாலு இருக்கும். எல்லாரும் இறங்கினோம். பெரியம்மா வழக்கம்போல வெளியே நின்று, "நாங்க சீக்கிரம் வந்துடறோம்டி" என்றாள்.

அக்கா பேப்பர் கட்டை மூடினாள்.

"உள்ள என்ன பெரியம்மா இருக்கு?"

"என்ன இருக்கு, கல்லுதான். நீ பாக்காததா?"

"நான் பாத்ததில்ல."

பெரியம்மா சிரித்தாள். பிறகுதான் அவளுக்கே கணக்கு உதைத்திருக்க வேண்டும். ஆறு வருஷமாக இந்த வேன் இங்கே நிற்கிறது. அதற்கு முன்னால் வேலை, பரீட்சை, வீடு. பத்து கல் தொலைவில் குடியிருந்துகொண்டு அக்கா மாமல்லபுரத்தில் கால் வைத்ததே இல்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். யாராவது இதக் கொஞ்ச நேரம் பிடிங்க" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. வகுப்பில் சாக்பீஸ் கேட்கிற குரல்.

"கை மாறக்கூடாதுடி" என்றாள் பெரியம்மா. மருமகள் சட்டென்று குழந்தைக்கு மூக்குத் துடைக்க ஆரம்பித்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். நான் வேனில் ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "குடு" என்றேன். பெரியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் முகம் போன போக்கு எனக்குத் திருவிழா பார்த்த மாதிரி இருந்தது.

அக்கா மாலையை என் மடியில் வைத்தாள். புடவையை உதறிக்கொண்டு இறங்கினாள். டிக்கெட் கொடுக்கும் பக்கம் நிமிர்ந்து நடந்து போனாள். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள். டிரைவர் டீ குடிக்கப் போனார்.

முதல் ஐந்து நிமிஷம் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வெயில் தகரத்தில் இறங்கியது. மாலையின் ஈரம் சுடிதாரில் ஊறித் தொடையில் பிசுபிசுத்தது. ரோஜாவும் துளசியும் சூட்டில் வேகிற வாசனை தலையைச் சுற்றியது. ஒரு காலேஜ் டூர் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. பையன்கள் இறங்கும்போது ஒவ்வொருவனும் ஜன்னலுக்குள் பார்த்தான். முதலில் மாலையை, பிறகு என்னை. ஒருவன் இன்னொருவனைத் தோளில் இடித்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். துப்பட்டாவை மாலை மேல் இழுத்து மூடினேன். பாதிதான் மூடியது.

சிப்பி மாலை விற்கிற பெண் ஒருத்தி ஜன்னலுக்கு வந்தாள். நாற்பது வயசிருக்கும். கையில் அடுக்கடுக்காகச் சரங்கள். நான் வேண்டாம் என்று தலையாட்டியும் போகவில்லை.

"திருவிடந்த மாலயா கீது?"

"ஆமா."

"வேண்டுதல் உனுக்காம்மா?"

கேலி இல்லை. வம்பு இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆமாம் என்றிருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம். ஆறு வருஷமாக அக்கா அப்படித்தான் சும்மா இருந்தாள். எனக்குப் பதினைந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"ஐயோ, எனக்கில்லங்க" என்றேன். "எங்கக்காவுக்கு. எனக்கு அதெல்லாம் ஒரு குறையும் இல்ல. வரன் மேல வரன் வந்துட்டிருக்கு. அவளாலதான் எனக்கும் நிக்குது. முப்பத்தொரு வயசாச்சு, தோஷம், யாரும் வர மாட்டேங்கறாங்க."

அவள் ஒன்று கேட்டாள், நான் ஆறு சொன்னேன். யாரோ உள்ளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி கொட்டியது. அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள். அவள் கண் என் தோளைத் தாண்டி அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போனது. நான் திரும்பினேன்.

அக்கா நின்றிருந்தாள். கையில் ஒரு இளநீர், ஸ்ட்ரா செருகியது.

அவள் போய் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. வாசலைத் தாண்டியிருப்பாளோ என்னவோ. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

"வெயில்ல உக்காந்திருப்பியேன்னு வந்துட்டேன்" என்று சொல்லி இளநீரை நீட்டினாள். பிறகு சிப்பி மாலைக்காரியைப் பார்த்து, "எனக்குத்தாம்மா வேண்டுதல். வயசு முப்பத்தொண்ணு இல்ல. முப்பத்திரண்டு" என்றாள்.

கதவைத் திறந்து ஏறி, என் மடியிலிருந்து மாலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தள்ளி உக்காரு, பேப்பர் இருக்கு" என்றாள். நான் தள்ளி உட்கார்ந்தேன். சிவப்புப் பேனா மூடியைப் பல்லால் கழற்றி, விட்ட இடத்திலிருந்து திருத்த ஆரம்பித்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாத, கூட்டல் தப்பிடும்" என்றாள்.

அன்று ராத்திரி அம்மாவிடம், சின்னவளுக்கு முதலில் முடித்துவிடுங்கள் என்று அக்காவே சொன்னாள். அடுத்த தையில் எனக்குக் கல்யாணம் ஆனது. நான் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா செங்கல்பட்டிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு தனியாகப் போனாள். இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். அந்த நாலு மணியைப் பற்றி இதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் கல்யாணத்துக்குப் பெரியம்மா வந்திருந்தாள். பந்தலில் என் காதோரம் குனிந்து, "மூத்தவ இருக்கும்போது இப்படி நடந்துடுச்சே, பாவம்" என்றாள். பழைய நானாக இருந்தால் அந்த இடத்திலேயே அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட நான் முன்பே, அதைவிட மோசமாக, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லாதது இல்லை.