முதல் பந்தியில் ஓர் இயக்குநர்

2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்று இருபதுக்கு, கிள்ளானில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் எங்கள் குடும்ப நிறுவனத்தின் இயக்குநர் கூட்டம் தொடங்கியது. அந்நிறுவனத்தின் ஐந்தாவது இயக்குநராகிய நான் அப்போது சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அன்று அங்கே முடிவாகவிருந்தது பன்னிரண்டு பெண்கள் வேலை செய்யும் ஓர் அறையின் கதவு. அதை முடிவு செய்ய உட்கார்ந்த நால்வரில் ஒருவர்கூட அந்த அறைக்குப் பல ஆண்டுகளாகப் போனதில்லை.

எங்கள் நிறுவனம் மசாலைத்தூள் அரைத்துப் பொட்டலமிட்டு விற்கிறது. கோலாலம்பூருக்கு அருகே கிள்ளானில் இரண்டு மாடிக் கடைவீடு. கீழே கடையும் அரைக்கும் இயந்திரமும், மேலே பொட்டலமிடும் அறை. பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அத்தையின் கணவரான மாமா ஆகிய நால்வரும் இயக்குநர்கள். நால்வரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்; ஒரே கோயில் குழுவில் இருப்பவர்கள்; ஒரே கடையில் முடிவெட்டிக்கொள்பவர்கள். ஒருவருக்குத் தெரிந்தது நால்வருக்கும் தெரியும் என்பதில் அவர்களுக்குப் பெருமை. ஒருவருக்குத் தெரியாதது நால்வருக்கும் தெரியாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மீன் மசாலையை ஒரு கிலோ பொட்டலத்தில் மட்டும் விற்பது என்று நால்வரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். கோலாலம்பூரின் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பிரித்த ஒரு கிலோ மசாலை மூன்றாம் வாரத்தில் ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும். தன் கையால் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ரப்பர் வளையம் போட்டு, டப்பாவில் அடைத்த எவருக்கும் இது தெரியும். அந்த நால்வரில் அப்படி எவரும் இல்லை. செராஸிலும் அம்பாங்கிலும் கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின. 'சந்தை சரியில்லை' என்று பெரியப்பா சொன்னார். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள்.

நான் இயக்குநரானது இப்படித்தான். ஒரு பெரிய பேரங்காடி நிறுவனம் எங்கள் சரக்கை நாடு முழுவதும் விற்க முன்வந்தது. சரக்குத் தருவோரிடம் அது கேட்கும் கேள்விகளில் ஒன்று, இயக்குநர் குழுவில் பெண்கள் உண்டா என்பது. வீட்டில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. கணக்கியல் படித்து அம்பாங்கில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி, பெரியப்பாவின் சொந்த மகள், இருக்கிறாள். அவளைப் பற்றி மாமா சொன்னது என் காதிலேயே விழுந்தது: "அவ வேணாம் மச்சான், வாய் நீளம். சின்னவதான் சரி. இருக்கிற இடம் தெரியாது."

நான் இலக்கியம் படிக்கும் மாணவி. குறைவாகப் பேசுவேன். என் மௌனம் என் இயல்பு. யாருடைய வசதிக்காகவும் நான் அதை வளர்க்கவில்லை. அன்று அதுவே என் ஒரே தகுதியாக எண்ணப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்த கம்பெனிச் செயலாளர், நிதானமான சீனப் பெண்மணி, கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அப்பா, "சும்மா பேருக்குத்தாம்மா," என்றார். செயலாளர் தலையை நிமிர்த்தி, மலாயும் ஆங்கிலமும் கலந்து, பேருக்கு இயக்குநர் என்று சட்டத்தில் எவரும் கிடையாது, நாளை ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பில் ஐவரும் ஒன்றுதான் என்றார். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு புகைப்படம் எடுத்தார்கள். என்னைப் பட்டுப்புடவையில் நடுவில் நிறுத்தினார்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் படத்தின் கீழே 'பன்முகத்தன்மை எங்கள் பலம்' என்று எழுதியிருக்கிறது.

கூட்டங்கள் கடையில் நடப்பதில்லை, பந்தியில் நடக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு பெரியப்பா வீட்டு நீள மேசையில் இலை போடப்படும். முதல் பந்தி ஆண்களுக்கு. சோற்றில் குழம்பு விழுந்த பிறகே பெரியப்பா பேச்சை எடுப்பார். சாப்பாட்டில் கை வைத்தபின் மூத்தவரை எதிர்த்துப் பேசுவது அன்னத்தை அவமதிப்பது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இலை மடிந்தால் தீர்மானம் நிறைவேறிற்று. பெண்கள் அதே கூடத்தில்தான் இருப்போம், பரிமாறிக்கொண்டு. எல்லாம் எங்கள் காதில் விழும்; எங்களை ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த ஞாயிறு, இயக்குநரான பின் என் முதல் கூட்டத்துக்கு நான் வந்து நின்றபோது பெரியம்மா வழக்கம்போல என் கையில் வாளியைக் கொடுத்தார். தடுத்தவர் எவருமில்லை.

"புது ஆர்டருக்கு மாடியில இடம் பத்தாது," என்று பெரியப்பா தொடங்கினார். "பின்னாடிக் கதவ செங்கல் வச்சு அடைச்சிறலாம். அங்க ரேக் போட்டா பெட்டிய அடுக்கிக்கலாம்."

"அதான் சரி மச்சான்," என்றார் மாமா. "அந்தக் கதவு வழியாத்தான் ஏலக்காய்க்குக் கால் முளைச்சுது."

"காண்ட்ராக்டர் நாளைக்குக் காலையிலயே வர்றான். நான் சொல்லிட்டேன்," என்றார் சித்தப்பா. தீர்மானத்துக்கு முன்பே செங்கல் லோரியில் ஏறிவிட்டது என்று பொருள்.

அந்தக் கதவை எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறைகளில் எங்கள் வீட்டுப் பையன்களைக் கடையில் கல்லாவின் பக்கம் உட்கார வைப்பார்கள். பெண்பிள்ளைகளை மேலே லேபிள் ஒட்ட அனுப்புவார்கள். மேலிருந்து கீழே வர இரண்டே வழி. முன்படி நேராக அரைக்கும் இயந்திரத்தின் அருகில் இறங்கும். பின்கதவைத் திறந்தால் இரும்புப்படி சந்துக்கு இறங்கும். எப்போதோ ஏலக்காய்ப் பொட்டலங்கள் காணாமற்போனதிலிருந்து, பின்கதவுக்கு எப்போதும் பூட்டு. சாவி அப்பாவிடம்.

நான் மூன்றாம் படிவத்தில், பதினைந்து வயதில், இருந்த ஆண்டு, இயந்திரத்தின் பெல்ட் சூடேறிக் கருகி அறுந்தது. முன்படி வழியே புகை மேலே வந்தது. மிளகாய் நெடி கலந்த புகை. கண்ணைத் திறக்க முடியவில்லை. பெண்கள் எல்லாரும் பின்கதவுக்கு ஓடினோம். பக்கத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த தொழிலாளி அக்கா ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மறுகையால் பூட்டிய கதவை அறைந்துகொண்டே இருந்தார். கீழே இயந்திரத்தை நிறுத்தி, புகை தானாக அடங்கிய பிறகுதான் சாவி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழே இருந்தவர்களுக்கு அது பெல்ட் அறுந்த நாள். அரை நாள் வேலை கெட்ட நாள். "பொம்பளைங்க கத்துன கத்துல நெருப்பே பயந்து ஓடிருச்சு," என்று சித்தப்பா அதைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிச் சிரிப்பார்.

பன்முகத்தன்மை உள்ள இயக்குநர் குழு அதிக லாபம் ஈட்டும் என்று கருத்தரங்குகளில் பேசக் கேட்டிருக்கிறேன். லாபத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. பெண் என்பதால் எனக்கு ஞானம் எதுவும் கூடுதலாக இல்லை. பெண் என்பதால் என்னை மேலே அனுப்பினார்கள். ஆகவே பூட்டிய கதவை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். அந்த அவ்வளவு அவர்கள் நால்வரிடமும் இல்லை.

"அந்தக் கதவ அடைக்கக் கூடாது பெரியப்பா," என்றேன்.

ஒருவரும் திரும்பவில்லை. "பாப்பா, இந்தப் பக்கம் கொஞ்சம் சாம்பார் ஊத்து," என்றார் மாமா. "முருங்கைக்காயாப் பாத்துப் போடு."

ஊற்றினேன். முருங்கைக்காயாகப் பார்த்துப் போட்டேன். பிறகு மீண்டும் சொன்னேன்: "டைரக்டரா சொல்றேன். எனக்குச் சம்மதம் இல்ல."

சித்தப்பாவுக்குப் புரையேறிற்று. "கவிதை படிக்கிற புள்ளைக்குக் கடை நெலவரம் என்னா தெரியும்? போட்டோவுல அழகா இருந்தே. அதோட விடு லா."

"பேசிக்கலாம்," என்றார் பெரியப்பா, என்னைப் பாராமல். "மொதல்ல பரிமாறு."

வாளியை மேசை மேல், புகைப்படத்தில் எனக்குக் கொடுத்த இடத்தைப் போலச் சரியாக நடுவில், வைத்தேன். சமையலறைக்குப் போய்க் கட்டிலிருந்து ஓர் இலையை உருவினேன்.

"என்னடி பண்ற? நம்ம பந்தி அடுத்ததுல்ல?" என்றார் பெரியம்மா.

"என் பந்தி இதுதான் பெரியம்மா."

அப்பாவுக்குப் பக்கத்தில் காலியாயிருந்த நாற்காலியின் முன் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, உட்கார்ந்தேன். பெரியம்மா சோற்றுத் தட்டோடு வந்து நின்று என்னையும் தம் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். "டைரக்டருக்குப் போடாம வேற யாருக்குப் போடறது," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, என் இலையில் சோறு வைத்தார்.

நான் சோற்றைத் தொடவில்லை.

எங்கள் வழக்கம் இன்னொன்றும் உண்டு. பந்தியில் ஒருவர் சாப்பிட்டு முடிக்காதிருக்க மற்றவர் எழக் கூடாது. இலையை மடிக்கவும் கூடாது. மூத்தவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்ற வழக்கத்தை விட்டுக்கொடுக்காதவர்கள் இதையும் விட்டுக்கொடுக்க முடியாது. அவர்கள் ரசம் சாப்பிட்டார்கள், மோர் சாப்பிட்டார்கள். பிறகு நால்வரின் விரல்களும் காயத் தொடங்கின. மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்பிடு பாப்பா," என்றார் சித்தப்பா. அவருக்கு எதையும் சிரிப்பாக்கித்தான் சொல்லத் தெரியும். "எங்கள எல்லாம் உள்ள வச்சுப் பூட்டிட்டியா?"

"சாவி அப்பாகிட்ட இருக்கு சித்தப்பா," என்றேன். "கேட்டுப் பாருங்க."

அப்போது அந்தப் புகை நாளைப் பற்றிச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. முன்படி எங்கே இறங்குகிறது, நெடி எப்படி ஏறியது, கதவை அறைந்தவர் யார், சாவி எப்போது வந்தது என்று வரிசையாகச் சொன்னேன். நெருப்பு பயந்து ஓடவில்லை என்பதையும் சொன்னேன்.

"என்னைக்கோ ஒரு நாள் பொகை வந்துச்சு," என்றார் பெரியப்பா. "அதுக்குன்னு இவ்வளோ பெரிய ஆர்டர விடச் சொல்றியா?"

"ஆர்டர விடச் சொல்லல. பெட்டி வைக்க வேற எடம் வாடகைக்குக் கெடைக்கும். மேல இருக்கறவங்களுக்கு வேற கதவு கெடைக்காது. அடைக்கவும் கூடாது, பூட்டவும் கூடாது."

"எல்லாரும் சரின்னு சொன்னதுக்கு அப்புறம் நீ ஒருத்தி…"

"எல்லாரும் சொல்லல பெரியப்பா. நீங்க சொன்னீங்க. அவங்க சாப்பிட்டாங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடுமையான சொல் என்று உறைத்தது. திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அப்பா எச்சிற்படாத இடக்கையைச் சட்டைப்பையில் விட்டு, சாவிக்கொத்திலிருந்து ஒன்றை மெல்லக் கழற்றி, என் இலையோரம் வைத்தார்.

"நான் மேல போயே ரொம்ப வருஷம் ஆச்சுண்ணே," என்றார் பெரியப்பாவிடம். "நெடி ஒத்துக்கல."

பெரியப்பா சாவியைப் பார்த்தார். "பாக்கலாம்," என்றார்.

எங்கள் வீட்டில் பெரியப்பா பார்க்கலாம் என்றால் முன்பு சொன்னதில் மாற்றமில்லை என்று பொருள். சித்தப்பா காண்ட்ராக்டரைத் தொலைபேசியில் அழைத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தீர்மானம் நிறைவேறவும் இல்லை. இலைகள் இன்னும் திறந்தே இருந்தன. ஆறிப்போன சோற்றைப் பிசைந்து, கடைசிப் பருக்கை வரை, அவசரமில்லாமல் சாப்பிட்டேன்; முடித்தும் என் இலையை மடிக்கவில்லை. என் உறவினர்கள் முதன்முறையாக எனக்காகக் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலை முதல் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். கடையைத் திறந்துகொண்டிருந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறினேன். புகை நாளில் என் மணிக்கட்டைப் பிடித்த அதே அக்கா, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா பாப்பா, லேபிள் ஒட்ட ஆள் கொறையுதுன்னு அனுப்பிட்டாங்களா?"

"இல்லக்கா. கதவு தெறக்க வந்தேன்."

பூட்டு துருவேறியிருந்தது. இருவருமாகச் சேர்ந்து திருகினோம். கதவு திறந்ததும் சந்தின் காற்று உள்ளே வந்தது. சாக்கடை நாற்றமும் கூடவே வந்தது. அக்கா மூக்கைச் சுளித்தார், ஆனால் கதவைச் சாத்தவில்லை. நான் இரும்புப்படியின் மேல்தட்டில் உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்குச் செங்கல் ஏற்றிய லோரி சந்துக்குள் பின்னோக்கி வந்தது. காண்ட்ராக்டர் இறங்கி, என்னைக் கண்டு, நெற்றியைச் சொறிந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் நகருங்க. கதவ அடைக்கணும். பாஸ் சொல்லியிருக்காரு."

"எந்த பாஸ்?"

"கடை பாஸ்தான்."

"நானும் இந்தக் கம்பெனி டைரக்டர்தான்," என்றேன். அந்தச் சொல்லை வெளியாள் ஒருவரிடம் நான் சொன்னது அதுவே முதல்முறை. "இங்க சுவர் வேணாம். செங்கலத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் பின்னால் கதவு நிறைய வந்து நின்ற பெண்களைப் பார்த்தார். கைத்தொலைபேசியை எடுத்து, யோசித்து, மறுபடி பையில் போட்டார்.

"சரி பாஸ்," என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினார்.

லோரி சந்தைத் தாண்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பூட்டையும் சாவியையும் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு, பின்படி வழியாக இறங்கி, வகுப்புக்குப் போனேன்.