ஆயுத பூசையில் ஓர் ஒளியிழைச் சுருள்

ஆயுத பூசைக்காகத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் போக, வட்டவளையில் ரயிலை விட்டு இறங்கியபோது என் பையில் ஓர் ஒளியிழைச் சுருள் இருந்தது. தலைமுடிப் பருமனில் கண்ணாடி இழை, கிலோமீட்டர் கணக்கில். ரேடாரின் நுண்ணலையை ஒளியாக்கி இதற்குள் ஓடவிட்டு, மறுமுனையில் திரும்பவும் அலையாக்குவோம். சுற்றி வர நேரம் பிடிப்பதால், எங்கோ தூரத்து மலையில் பட்டுத் திரும்பிய எதிரொலி என்று ரேடார் நம்பிவிடும். அது தூரத்தைச் சரியாகக் கணக்கிடுகிறதா என்று இப்படித்தான் பார்ப்போம். சுருள் கொழும்பில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கியது. மறுநாள் பல்கலைக்கழகத்தில் சோதனை. என் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

குளித்துவிட்டு வந்தால், சாமிப்படத்தின் முன்னால் தேயிலைச் செடியைக் கழிக்கிற அப்பாவின் கவ்வாத்துக் கத்தி, அம்மாவின் கொழுந்துக்கூடை, பக்கத்தில் என் சுருள். அம்மா முனை மூடிகளைக் கழற்றி, முனைகளைத் தண்ணீரில் கழுவி, சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார். ஒளி நுழைவதும் வெளிவருவதும் அந்த முனைகளில்தான். தூசி ஒட்டினாலே தடைப்படும். ஏன் தொட்டீர்கள் என்று கத்திவிட்டேன்.

"வேல செய்யிற எடத்துலதான பொட்டு வைக்கணும்? கத்தின்னா வெட்டுற வாயில வைப்போம். இதுக்கு இந்த முனைன்னு நெனச்சேன்."

கோபத்திலும் சிரிப்பு வந்தது. இடத்தை என்னவோ மிகச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. நாளைய சோதனையைப் பற்றிச் சொன்னதும் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். படைத்த அவலையும் கடலையையும் யாருக்கும் கொடுக்கவில்லை. கூப்பிட்டதற்கு, தன் கை பட்டால் எதுவும் விளங்காது என்றார். என்னைப் படிக்கவைத்ததே அந்தக் கைதான். கேட்கப் பொறுக்கவில்லை எனக்கு.

துடைப்புத் தாளை ஸ்பிரிட்டில் நனைத்து முனைகளை மெல்லத் துடைத்தேன். குங்குமத் துகள் கண்ணாடியைக் கீறியிருந்தால் எல்லாம் போச்சு. இழை ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கிற, பேனா மாதிரியான சிவப்பு விளக்கு ஒன்று பையில் இருந்தது; மறுமுனையில் வெளிச்சம் பளிச்சென்று வந்தால் பழுதில்லை. அதை ஒரு முனையில் பொருத்தி, சுருளோடு அடுப்படிக்குப் போனேன்.

"கைய நீட்டுங்கம்மா."

மாட்டேன் என்று முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். நானே பிடித்து விரித்து, மறுமுனையை உள்ளங்கைக்கு நேராக வைத்து, விளக்கின் பொத்தானை அழுத்தினேன்.

கொழுந்துக் கறை ஏறிய ரேகைகளுக்கு மேல் பளிச்சென்று சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

"வந்துருச்சா?" என்றார் அம்மா.

"வந்துருச்சும்மா."

அப்போதுதான் அம்மா அழுதார். கையை மட்டும் எடுக்கவில்லை.