ராத்தா சொல்லாத ஓம்

வெறும் வாளிக்குள் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். முதலில் படபடவென்று, பிறகு நிரம்ப நிரம்பக் கனத்து, அடங்கி. அதைக் கேட்டால் இப்போதும் என் காது பக்கத்து மதிலுக்கு ஓடிவிடும்.

நாலைந்து வருடத்துக்கு முந்திய கதை. கல்முனையில், வாப்பா ஒரே வளவைப் பிரித்து, எனக்கு மூத்தவ ராத்தாவுக்கும் எனக்கும் சீதனமாகக் கட்டித் தந்த இரண்டு வீடுகள். நடுவில் ஒரு மதில். அந்தப் பக்கம் ராத்தா சமைக்கும் குசினி, இந்தப் பக்கம் என் குழாய்.

எனக்கு வுழுவில் சந்தேகம் வந்தது. தொழுகைக்காக முகம், கை, கால் எல்லாம் கழுவி முடித்தால், முழங்கை நனைந்ததா என்று உள்ளே ஏதோ கேட்கும். திரும்பக் கழுவுவேன். கால் முடிந்தால் முகத்தில் சந்தேகம். பின்னேரம் அஸர் தொழுகைக்குத் திறந்த குழாய், பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லும் வரைக்கும் ஓடும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மீன் ஆணம் பட்டால் உயிர் போகும். "உம்மா கடலையும் ஒருக்காக் கழுவிட்டு வருவா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வஸ்வாஸ், ஷைத்தானின் ஊசலாட்டம் என்றது ஊர். ஓதிப் பார்த்தோம். தொழ வேண்டும் என்று ஏங்கி நின்றவளுக்குத் தொழுகை மட்டும் கிடைக்கவில்லை.

என்னைக் குழாயிலிருந்து பிரித்தெடுத்தது ராத்தாவின் ஒரு சொல்தான்.

"ராத்தா, வுழு சரியா?" என்று மதிலைப் பார்த்துக் கத்துவேன். அவ என்னைக் கண்டிருக்கக்கூட மாட்டா. தேங்காய் திருவிக்கொண்டே, "ஓம் புள்ள, சரி" என்பா. நெஞ்சுப் பாரம் இறங்கும். தொழ முசல்லாவை விரிப்பதற்குள் மறுபடி ஏறும். மறுபடி கத்துவேன்.

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் அவதான். அங்கிருந்த நர்ஸ் மிஸ், இது ஈமானில், நம்பிக்கையில் குறையில்லை, காய்ச்சல் மாதிரி மனதுக்கு வந்த ஒரு வருத்தம் என்றா. ஒரு தடவை கழுவிவிட்டு, சந்தேகத்தையும் கூட்டிக்கொண்டே போய்த் தொழச் சொன்னா. பயம் அலை மாதிரி ஏறுமாம். திரும்பக் கழுவாமல் பொறுத்திருந்தால் தானாக இறங்குமாம். சந்தேகத்தைச் சட்டை செய்யாதே என்று பள்ளிவாசல் மௌலவியும் முன்பே சொல்லியிருந்தார். அப்போது என் காதில் ஏறவில்லை.

பிறகு மிஸ் ராத்தாவின் பக்கம் திரும்பினா. "நீங்க சொல்லுற ஓம்தான் இந்த வருத்தத்துக்குச் சோறு. இனிக் கேட்டா, தெரியாது எண்டு சொல்லுங்க."

அன்று பின்னேரமே கேட்டேன். தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

"தெரியாது புள்ள."

"அப்பிடிச் சொல்ல வாய் வருகுதா ராத்தா உங்களுக்கு?"

"பின்ன? நான் உன்ட முழங்கையிலயா குடியிருக்கன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் திருவும் சத்தம் வெகுநேரம் திரும்ப வரவில்லை. மூக்கைச் சிந்துவது கேட்டது. நான் குழாயைப் பூட்டிவிட்டுப் போய்த் தொழுதேன். ஓதியது ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஆனாலும் தொழுதேன்.

அதற்குப் பிறகு சில நாள் வென்றேன், சில நாள் குழாய் வென்றது. மெல்ல மெல்லக் கையில் தோல் ஆறியது. மதிலைப் பார்த்துக் கேட்பதும் நின்றது. அப்போதுதான் ராத்தாவின் மகள் அவவைத் தன்னோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டாள். ராத்தாவின் கணவர், என் மச்சான், மௌத்தாகிப் போன பிறகு அந்த வீட்டில் அவ தனிதானே.

விமான நிலையத்துக்குப் போகும் வேன் வந்தது அஸர் நேரம். வுழு செய்த ஈரத்தோடு ஓடிப்போனேன். இனி மதிலுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை என்பது வேனின் கதவு திறந்தபோதுதான் உறைத்தது. எப்போது வருவீங்க என்று கேட்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது அந்தப் பழைய கேள்வி. பொய்யாகவாவது ஒரு ஓம், போகிற போக்கில் ஒன்றே ஒன்று, என்று உடம்பு முழுக்க ஏங்கியது.

அந்த ஓமுக்கு இன்றும் ஏங்குகிறேன். அது கிடைக்காததால்தான் ஒரு தடவை கழுவிவிட்டுக் குழாயைப் பூட்டுகிறேன். என்மேல் உயிராக இருந்தவ, அதைத் தராமல் போக எவ்வளவு பாடுபட்டிருப்பா என்பது இப்போதுதான் விளங்குகிறது.

அன்று வேனடியில் நின்று கேட்டேன்: "ராத்தா, என்ட வுழு சரியா?"

அவ என் ஈரக் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டா.

"தெரியாது புள்ள. போய்த் தொழு."