ஹஸீபாவின் அக்ரூட் பெட்டி

டமாஸ்கஸில் ஷம்ஸி மாளிகையை அரசாங்கம் வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியபோது, சாமான்களோடு சாமானாகப் பஹீஜாவையும் வாங்கிவிட்டார்கள் என்று காவலாளிகள் கேலி செய்வார்கள். அவள் பிறந்ததே அந்த வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில்தான். தாய் ஹஸீபா அங்கே நாற்பது வருஷம் வேலைக்காரி. இப்போது ஐம்பத்து மூன்று வயதில், அம்மா துடைத்த அதே நாற்காலிகளைப் பஹீஜா மாதச் சம்பளத்துக்குத் துடைக்கிறாள். சிப்பி பதித்த சாமான்களில் ஈரத்துணி படக்கூடாது. உலர்ந்த தூரிகையால்தான் தூசி எடுக்க வேண்டும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த வசந்தத்தில், கிடங்கில் கிடந்த சாமான்களை மாடியறைகளில் பரப்பி, அட்டை எழுதி வைத்தார்கள். பஹீஜா எழுத்துக்கூட்டிப் படிப்பவள். நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் அக்ரூட் மரப்பெட்டி இருந்தது. அட்டையை இரண்டு முறை படித்தாள். 'வீட்டு எஜமானி திருமணத்தின்போது கொண்டுவந்த சீர்ப்பெட்டி.'

தூரிகையோடு நேரே நிர்வாகி நாஜியின் அறைக்குப் போனாள்.

"உஸ்தாத், அந்தப் பெட்டி எஜமானியம்மாவோடது இல்ல. எங்கம்மா கல்யாணத்துக்கு எங்க மாமா செஞ்சு குடுத்தது."

நாஜி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எல்லாரையும் போல அவரும் அவளை மகன் பெயரைச் சொல்லி, நிஸாரின் அம்மா என்றே அழைப்பார். "நான் நம்பறேன், உம்மு நிஸார். ஆனா பதிவேடு நம்பணுமே. காகிதம் ஏதாவது இருக்கா?"

"வேலைக்காரிக்கு யாரு உஸ்தாத் காகிதம் குடுத்தா?"

அவர் சற்று யோசித்தார். அந்தக் குடும்பத்தில் யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

குடும்பத்தில் ஊரில் மிஞ்சியிருந்தது இஃப்பத் ஹானிம் மட்டும். எஜமானியின் கடைசி மகள், எழுபது வயது. பஹீஜா அவளைப் பார்த்துப் பதினோரு வருஷமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவளுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். காபி வந்தது. விஷயத்தைக் கேட்டதும் ஹானிம் சிரித்தாள்.

"அடி, எங்கம்மா பெட்டியத் தூக்கிட்டுப் போக வந்தியா?"

பஹீஜாவுக்குச் சுருக்கென்றது. கோப்பையைக் கீழே வைத்தாள். "உங்க வீட்டுக் கரண்டி ஒண்ணாவது எங்க வீட்டுல இருக்கா, ஹானிம்? வந்து தேடிப் பாருங்க."

ஹானிமின் சிரிப்பு நின்றது. பிறகு கேட்டாள்: "பூட்டுக்கு மேல மயில் செதுக்கினதா?"

"அதேதான்."

"எங்கம்மா ஒரே ஒரு தடவைதான் என்னை அறைஞ்சாங்க. அதைத் திறந்ததுக்கு. 'இது ஹஸீபாவோடது, இதுல நானே கை வைக்க மாட்டேன்'னாங்க. எனக்கு ஏழு வயசு. அவ்வளவு பெரிய வீட்டுல நான் தொடக்கூடாத சாமான் ஒண்ணு இருக்கான்னு அழுகையை விட ஆச்சரியம்தான் அதிகமா இருந்துச்சு." அவள் எழுந்து பேனாவைத் தேடினாள்.

கடிதத்தைப் படித்த நாஜி தலையைச் சொறிந்தார். "இப்ப இது எங்களோடதும் இல்லேன்னு ஆயிடுச்சு. நீங்க எடுத்துட்டுப் போகலாம். இல்ல, அன்பளிப்பா எழுதிக் குடுங்க. அட்டையில உங்கம்மா பேரு வரும்."

பஹீஜா ஒரு வாரம் தூங்காமல் புரண்டாள். வீட்டில் இருப்பது இரண்டே அறை. மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள். இங்கேயோ பட்டுக் கயிற்றுக்குப் பின்னால் அம்மாவின் பெயர். வெளிநாட்டார் குனிந்து படிப்பார்கள். ஆனால் தூரிகை பிடித்த கை ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியருகே வந்ததும் நின்றது. அம்மா அந்த வீட்டை விட்டு மொத்தமாக வெளியேறியது ஜனாஸா ஊர்வலத்தில்தான். பெட்டியும் இங்கேயே கிடக்க வேண்டுமா?

வியாழக்கிழமை மகன் நிஸார் ஒரு சின்ன சுசுகி வண்டியோடு வந்தான். காவலாளிகளே பெட்டியைத் தூக்கி ஏற்றினார்கள்.

"இதை எங்க வைக்கிறது, அத்தே? என் தலையிலயா?" என்றாள் மருமகள் லமீஸ்.

சன்னலுக்குக் கீழே வைத்தார்கள். பிள்ளைகள் முதல் நாளே அதன்மேல் உட்கார்ந்து தர்பூசணி தின்றார்கள். சாறு வழிந்தபோதெல்லாம் பஹீஜாவின் கை உலர்ந்த தூரிகையைத் தேடியது. திட்ட வாய் வந்தது, திட்டவில்லை. சிப்பியே இல்லாத பெட்டிதானே என்று ஈரத்துணியாலேயே துடைத்தாள்.

கோடை வந்ததும் குளிர்கால ரஜாய்களையெல்லாம் லமீஸ் அதற்குள் அடைத்தாள். மூடி மூட மறுத்தது.

"அத்தே, சும்மா பார்த்துட்டு நிக்காதீங்க. வந்து உக்காருங்க!"

பஹீஜா ஒரு பக்கம், லமீஸ் ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்து அழுத்தினார்கள். பூட்டு விழும்வரை இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.